திமாண்டரின் பெயர் கீறிய பானை ஓடு

என் மிர்ரினேவுக்கு, பைரேயஸ் கப்பல் துறையிலிருந்து உன் புருஷன் எழுதுவது. பூசாரி இதைப் படித்துக் காட்டும்போது நம்பு, எல்லாம் இங்கே எழுத்துக் கற்றுக்கொண்டு நானே எழுதியதுதான்! நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? என் பழைய கம்பளியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே வாங்கிய போர்வையில் தூக்கம் வரவில்லை.

நேற்று ஏதென்ஸ் சந்தைத் திடலில் வாக்கெடுப்பு. யாரைப் பத்து வருடம் நாடு கடத்தலாம் என்று ஆளுக்கொரு பானை ஓட்டில் பெயர் கீறிப் போட்டோம். பஞ்சத்தில் நம் ஊருக்கு வாற்கோதுமை தந்தாரே திமாண்டர், அவரைத் துரத்தத்தான் பலரும் துடித்தார்கள். என்னோடு கப்பல் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் கீல் காய்ச்சிப் பூசும் பிலோனும் தன் பானை ஓட்டை என்னிடம் நீட்டினான்.

“பெருசு, நீதான் இப்ப எழுத்துக்காரனாச்சே! திமாண்டர்னு கீறு.”

“அந்த மனுஷன் உனக்கு என்னடா பண்ணினார்?”

“அது என் பாடு. கீறுறியா, வேற ஆளப் பாக்கட்டுமா?”

அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வேறு பெயரைக் கீறியிருந்தால் தேவர்களைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வாக்கு அவனுடையது, எழுத்து மட்டும்தான் என்னுடையது. அவன் சொன்னபடியே கீறிக் கொடுத்தேன். என் ஓட்டில் வேறொருவர் பெயரைப் போட்டேன்.

திமாண்டர்தான் போக வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. பத்து நாள் கெடு. அவருடைய கப்பல் எங்கள் துறைக்குத்தான் வந்திருக்கிறது. மேஸ்திரி கத்துகிறார், நிறுத்துகிறேன். காய்ச்சிய கீல் ஆறுவதற்குள் அந்தக் கப்பலின் இடுக்குகளை நானே அடைக்க வேண்டும். வழியில் அவர் கப்பலுக்குள் ஒரு சொட்டுக் கடல் ஏறக்கூடாது.