டேங்க் மூடிக்குள் ஒரு நீலப் பூ

என்றும் நலமாக இருக்க வேண்டிய என்னவருக்கு, உங்கள் மனைவி எழுதுவது.

இங்கே நானும் மகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா லோடு ஏற்றிக்கொண்டு தூரம் போயிருக்கிறார் என்றுதான் அவள் அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். நீங்கள் சிறையில் இருப்பது அவளுக்குத் தெரியும். எனக்காகத் தெரியாதது போல நடிக்கிறாள். மனதில் இருப்பதை வெளியே காட்டாத அழுத்தத்தில் என்னைப் போலவே இருக்கிறாள்.

போன முறை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உன் அண்ணன் டீசல் பம்பைப் பிரிச்சு மாட்டின கையோடதான் லாரி மேட்டுல நின்னுச்சு. பைக்ல வந்து மோதிச் செத்தவனுக்கு அவர்தான் பதில் சொல்லணும்" என்றீர்கள். நான் அதை அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போலும். நம் வீட்டில் கை நனைப்பதையே விட்டுவிட்டார்.

வண்டி மறுநாள் நன்றாக ஓடியதாம், நீங்கள் நடுரோட்டில் நிறுத்திவிட்டுத் தூங்கினீர்களாம். போலீஸ் எழுதியது அதுதானே. அது பொய் என்று காட்டத்தான் அண்ணன் பட்டறையே கதியென்று கிடந்தார். ஃபில்டரை மாற்றினார், டியூப்களைக் கழற்றி ஊதினார், உள்ளே சிக்கிய காற்றை வெளியே எடுத்தார். ஒரு கேனை மேலே கட்டி, அதிலிருந்து டீசல் கொடுத்துப் பார்த்தார். சமத்தாக ஓடியது. அப்படியும் பம்பைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்தார், மனுஷனுக்குச் சோறு தண்ணீர் இல்லை.

நேற்று லோடோடு மேட்டில் ஏற்றினார். நானும் பக்கத்தில் இருந்தேன். பாதி மேட்டில் வண்டி இருமி இருமி நின்றது. அண்ணன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது.

டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போக மூடியில் ஒரு ஊசித்துளை உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது அடைத்துக்கொண்டால் டேங்க் டீசலை விடாதாம். வண்டி சும்மா நின்றால் காற்று மெல்லக் கசிந்து, தானே சரியாகிவிடுமாம். மறுநாள் ஓடியது அதனால்தான். அண்ணன் மூடியின் உள்வாஷரை நெம்பினார். அடியில் வட்டமாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டு. நீலப் பூப்போட்டது.

நான் உங்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிற பை அது. மழைத் தண்ணீர் டீசலில் இறங்குகிறது என்று, வாசலில் உட்கார்ந்து என் கத்தரிக்கோலால் வெட்டினீர்களே. கத்தரிக்கோல் மழுங்கிவிடும் என்று நான்கூடச் சத்தம் போட்டேன். நல்லதுக்குத்தான் செய்தீர்கள். ஆனாலும் ஒரு உயிர் போய்விட்டது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பம்புதாம்மா. என் கைதான் பிசகிடுச்சு. வக்கீல்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன், மாப்பிள்ளை வீடு வந்து சேரட்டும்" என்றார். உங்களைக் கூட்டிக்கொண்டு போன அன்றும் நான் அழவில்லை. அந்த மேட்டில் அழுதேன்.

அந்தத் துண்டை அண்ணனிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். நானே வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அப்படி என்னைச் செய்ய வைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை வக்கீல் உங்களைப் பார்க்க வருகிறார். அண்ணன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அதை மூடியில் வைத்தது நீங்கள்தான் என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை வருஷம் ஆனாலும் நான் காத்திருப்பேன். சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மறுபடியும் உங்களுக்குச் சோறு கட்ட நினைக்கும்
உங்கள் மனைவி