சிவப்புத் துணி கட்டிய செடிகள்

12.2.2009, வியாழன். திட்டக்குடி.

இன்று வெங்காயம் பிடுங்கினோம். வழக்கம்போலப் பெரிய காயை விற்க ஒதுக்கிவிட்டு, சிறுசை விதைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கையில் சிவப்புத் துணி சிக்கியது.

போன மாதம் இலையில் மஞ்சள் கோடு விழுந்து சுருண்ட செடிகளுக்கு நான்தான் துணி கட்டிவைத்தேன். அது வைரஸ், மருந்துக்கு அடங்காது, விதைக்காய் வழியாகவே அடுத்த வெள்ளாமைக்கும் வரும் என்று விவசாய ஆபீசில் சொல்லியிருந்தார்கள். துணி கட்டியதை எல்லாம் தேடிப் பிடுங்கினேன். அத்தனையும் சுண்டைக்காய் அளவு. அப்படியானால் சிறுசாகப் பார்த்துப் பார்த்து வருஷா வருஷம் நான் நட்டது நோயைத்தான்.

கூடையைக் கவிழ்த்தேன். துணி இல்லாத செடிகளில் பெருத்த காயாகப் பொறுக்கி நிரப்பினேன்.

"பெருச நட்டுட்டு சின்னத எவன் தலையில கட்டுவ?" என்றார் வீட்டுக்காரர்.

"தின்னா ஒண்ணும் ஆவாது. நட்டாதான் வம்பு."

முந்தாநாள் பிடுங்கிய சிறுசில் ஒரு மூட்டையை விதைக்கென்று நாத்தனார் செல்விக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். அதைத் திருப்பி வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொறந்த வூட்ல குடுத்தத திருப்பிக் கேட்டா, மாமியா எதிர்ல அவ மானம் என்னாவறது?"

நியாயம்தான். பெரிய காயில் ஒரு மூட்டை கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். காலையில் முதல் பஸ். இதை இறக்கிவிட்டுத்தான் அதைக் கேட்பேன்.

போன வருஷம் செல்வி நட்டது தேறவில்லை. கைராசி இல்லாதவள் என்று மாமியார் பேசினாள். அந்த விதையும் நான் கொடுத்ததுதான். அதை அந்த அம்மா எதிரிலேயே சொல்லப் போகிறேன்.