சென்சாருக்கு நல்ல காற்று காட்டியது

அன்புள்ள வெள்ளையம்மாளுக்கு, பல்லடத்திலிருந்து உன் வீட்டுக்காரன் அழகுமலை சொல்லச் சொல்ல, பக்கத்து அறை அனுசுயா எழுதுவது. நான் சுகம். உன் இளைப்பு இப்போது எப்படி இருக்கிறது?

நான் காவலிருக்கும் கார் பட்டறையில் வெள்ளிக்கிழமை ஒரு கூத்து. காரின் புகைக்குழாயில் மாட்டும் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று, விரல் தண்டி இருக்கும். மாட்டுவதற்கு முன் காரின் ஒயரோடு சேர்த்து வெளியே தொங்கவிட்டு, நல்ல காற்று இதுதான் என்று அதற்குக் காட்ட வேண்டுமாம். அதை வைத்துத்தான் அது புகையை அளக்கும். அது தெரியாமல், வழக்கம்போல் பட்டறை முழுக்கச் சாம்பிராணி போட்டுவிட்டேன். புகையையே நல்ல காற்றென்று அது எடுத்துக்கொண்டது.

முதலாளி சிவராஜ் சிரித்துவிட்டார். "ஏனுங்க பெரியவரே, சென்சாருக்கே சாமி வர வெச்சுட்டீங்க. இந்தக் காத்து ஆகாதுங்க. வண்டியத் தள்ளுங்க."

இன்ஜினைப் போடாமல் பின்னாலுள்ள சோளக்காட்டுக்குத் தள்ளிப்போனோம். அங்கே சோளத்தின் மேல் அசைந்து வந்த காற்றில் சென்சார் தூளிபோல் மெல்ல ஆடியது. பார்த்துக்கொண்டே நின்றேன். கல்யாணத்தன்று சாம்பிராணிக்கு இருமி, தாலி கட்டவிடாமல் கழுத்தை ஆட்டினாயே, அந்தக் கத்திரிப்பூச் சேலை கண்முன் வந்தது.

நானும் அங்கேயே வந்துவிடட்டுமா என்று போனில் கேட்டாய். அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். என் அறை ரோட்டோரம், பகலெல்லாம் லாரிப் புகை. ஓர் இரும்புத் துண்டுக்கே ஆகாத காற்று உனக்கு எதற்கு? நீ வர வேண்டாம். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், தை பிறந்ததும் நானே வந்துவிடுகிறேன்.

என் போர்வையை வெயிலில் போடு. அனுசுயாவை வேலைக்கு ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். என் கட்டில் பக்கத்துச் சன்னலைத் திறந்தே வை.