ஒரு நாள் சித்தி

ஜூன் 13, வெள்ளி

பகலெல்லாம் காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டுக் கூரையில். சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். சின்னவன் முகிலுக்குச் சளி, கற்பூரவல்லி கொடுத்தேன், பாதி துப்பினான்.

ரஹ்மத் போன். உத்தமபாளையம் கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது தேனியில் ஒரு ஜவுளிக்கடையில். பில் போட ஆள் தேடுகிறார்களாம், நாளைக்கே வரச் சொல்கிறாள்.

"ஒண்ணு மட்டும் செல்வி. சின்னப் பிள்ளைக இருக்குன்னு வாயத் திறந்துராத. முன்னால இருந்தவ கைப்பிள்ளைக்காரி, ஓயாம லீவு. இனி அப்படி ஆளு வேண்டாம்னுட்டாக."

பி.காம். முடித்துவிட்டு இத்தனை வருடம் கோம்பையில் அடுப்பு மட்டும். சரி என்றேன். பிள்ளைகளை எதிர்வீட்டு மேரியக்காவிடம் விடலாம்.

ஜூன் 14, சனி

காலையில் மேரியக்கா வீட்டில் பூட்டு. போடியில் ஏதோ சாவாம், விடியுமுன்பே கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் மலை ஏறியாயிற்று. வேறு வழி? இரண்டையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கயல் இரண்டாம் வகுப்பு, முகிலுக்கு மூன்று வயது.

பையில்: தண்ணீர், ரொட்டி, துண்டு, முகிலுக்கு மாற்றுச் சட்டை. மாற்று டிரவுசர் மறந்துவிட்டது.

சின்னமனூர் தாண்டியதும் முகில் தூங்கினான். அப்போதுதான் கயலிடம் சொன்னேன்.

"கடைக்குள்ள என்னைய அம்மான்னு கூப்பிடாத. சித்தின்னு கூப்பிடு."

"ஏன்?"

"அங்கன அப்படித்தான்."

கொஞ்ச நேரம் வெளியே வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "தம்பிக்குத் தெரியாதே."

"அவன நீ பாத்துக்க."

எவ்வளவு லேசாகச் சொன்னேன்.

கடையில் ஆபீஸ் மாடியில். பிள்ளைகளைக் கீழே படிக்கட்டுப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். முதலாளியம்மாதான் இருந்தார். மெதுவான பேச்சு, நல்ல முகம். கம்ப்யூட்டரில் ஒரு பில் போடச் சொன்னார். போட்டேன். தப்பில்லை. பிறகு கேட்டார்.

"பிள்ளைக?"

"இல்லைங்கம்மா."



கொஞ்ச நேரத்தில் கதவுப் பக்கம் கயல். ஒரு கையில் தம்பியின் கை, இன்னொரு கை அவன் வாயைப் பொத்தியபடி. அவன் டிரவுசர் நனைந்து கால் வழியாக ஒழுகுகிறது.

"சித்தி, தம்பி ஒண்ணுக்கு இருந்துட்டான்."

முதலாளியம்மா எழுந்தார். "யாரு பிள்ளைக?"

"அக்கா பிள்ளைகம்மா."

அவர் குனிந்து கயலிடம், "அம்மா எங்க, ஆத்தா?"

கயல் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அம்மா இல்ல."

இங்கே இல்லை, கூட வரவில்லை, அப்படித்தான் நினைத்துச் சொல்லியிருப்பாள். அந்தம்மாவின் முகம் மாறிவிட்டது. "இந்த வயசுலயா" என்றார். ஈரத்தைப் பார்க்காமல் முகிலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நீதான் வளக்குறியா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வாய் விடுபட்டதும் முகில் என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி "அம்மா, அம்மா" என்று அழுதான். அந்தம்மா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "தேடுறான் பாரு." அவர் கண்ணில் தண்ணீர். நான் சும்மா நின்றேன்.

வேலை எனக்குத்தான். வருகிற இருபத்துமூன்று, திங்கள் முதல். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பால்கோவா.

திரும்பும் பஸ்ஸில் முகில் இடுப்பில் துண்டு. கயல், "ஒண்ணுக்கு வருதுன்னு ரொம்ப நேரமாச் சொன்னான். மேல வந்தா உன்னைய எப்படிக் கூப்பிடுறதுன்னே தெரியல" என்றாள். உத்தமபாளையம் வந்ததும், "இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"

"ம்" என்றேன்.

கோம்பை வரும்வரை எதுவும் கூப்பிடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். கறி எடுத்துவந்தார். "என்னென்ன கேட்டாக?" என்றார். பில் போடச் சொன்னதை மட்டும் சொன்னேன். கயல் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

மத்தியானம் மயிலாடும்பாறையிலிருந்து அக்கா போன். என் கூடப்பிறந்த அக்கா. தக்காளி காய்த்திருப்பது, முழங்கால் வலி, மருமகள் கதை. குரலில் நல்ல தெம்பு. நேற்றுதான் அவளை நான் சாகடித்தேன். "என்னடி பேச்சே காணோம்?" என்றாள். தலைவலி என்றேன்.

ஜூன் 18, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. சிலிண்டர் வந்தது.

ரஹ்மத்துக்கு வார லீவு. வீடு தேடி வந்தாள், கையில் ஒரு பை. முதலாளியம்மா கொடுத்துவிட்டாராம். கயலுக்கு நீலக் கவுன், புதுசு. முகிலுக்கு டிரவுசர்கள்.

"தாயில்லாப் பிள்ளைக, பத்தரமாப் பாத்துக்கிறச் சொல்லுன்னாக" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள் ரஹ்மத். முடியவில்லை. "பிள்ளைக இருக்குன்னு சொல்லாதன்னுதானடி சொன்னேன். இதென்ன இப்படி?"

அவள் போவதற்குள் கயல் கவுனைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல. சுற்றிச் சுற்றி வந்தாள். கழற்று என்றேன். மாட்டேன் என்றாள். நானே பிடித்துக் கழற்றினேன், முதுகில் ஒரு அடியும் வைத்தேன். அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். எதற்கு அடித்தேன்? அவள் என்ன செய்தாள்?

ஜூன் 19, வியாழன்

பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் முதலாளியம்மாவுக்குப் போன் செய்தேன். ரஹ்மத் பேரை இழுக்கக் கூடாது, அது மட்டும் முடிவு.

"அம்மா, அந்தப் பிள்ளைக எம் பிள்ளைக."

"எந்தப் பிள்ளைக?"

"அன்னைக்குக் கூட்டியாந்த ரெண்டும்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம். பிறகு, "அப்ப உங்க அக்கா?"

"நல்லா இருக்காம்மா."

"அந்தப் பையன் அழுததே கண்ணுக்குள்ள நின்னுச்சு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல, தெரியுமா?"

மன்னிச்சுக்கங்க என்றேன். திரும்பத் திரும்ப அதையே. பிறகு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நெசத்தச் சொல்லிருந்தா வேலை குடுத்திருப்பீகளாம்மா?"

"மாட்டேன்" என்றார். "ஆனா இப்ப ஒன்னையப் பில்லுல உக்காரவைக்கவும் பயமா இருக்கே."

நியாயம்தான். அந்தத் துணியைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னேன்.

"வேண்டாம். அது பிள்ளைக்கு எடுத்தது." வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல" என்றார். பிறகு முகிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 20, வெள்ளி

காலையிலேயே சாரல். தோசை கல்லில் ஒட்டுகிறது. முகிலுக்குச் சளி பரவாயில்லை.

கயலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"திங்கக்கிழம தேனிக்குப் போவியா?"

"இல்ல."

"நான் அம்மா இல்லன்னு சொன்னதுனாலயா?"

இந்த ஒரு வாரமும் இதையா வைத்துக்கொண்டு திரிந்தாள்.

"இல்ல ஆத்தா. நான் இல்லன்னு சொன்னதுனால."

"நீ யார இல்லன்ன?"

"உங்க ரெண்டு பேரையும்தான்."

கயல் திரும்பவில்லை. மடியில் கிடந்த ரிப்பனை எடுத்துப் பின்பக்கமாக என்னிடம் நீட்டினாள்.