நானூற்றுப் பன்னிரண்டுக்கு ஒன்று

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் வருகிறது. அதனால் அவள் மாடிக்குப் போவதில்லை. துணி காயப்போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சலூனில் பழைய நாற்காலியை ஏற்றி இறக்கும் மிதி போய்விட்டது. உயரமான ஆட்கள் வந்தால் கொஞ்சம் சரிந்து உட்காரச் சொல்லி வெட்டி அனுப்புகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூன்று பக்கம்! நான்கு வருடமாக இரண்டு வரிக்கு மேல் எழுதாதவள். கடையில் ஆள் இருந்ததால், மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு படித்தேன். தேர்தல் சமாச்சாரத்தைச் சித்தப்பா சொன்னாராம். நம் சாவடியில் எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு அப்பாவுடையது என்று ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை பார்க்கும் நர்சுகளிடமெல்லாம் சொன்னாயாம். "அன்னைக்குக் கூடத்துல வாயே திறக்காத மனுஷன், இன்னைக்கு ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது தனியா நின்னுருக்கீங்க. உங்களை நான் தப்பா நினைச்சுட்டேன்பா" என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் பதிலைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீ ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தேர்தலுக்கு முன்னால் நீ கேட்டிருந்தாய்: ஓட்டுப் போட வரட்டுமா, இல்லை யார் ஜெயிப்பார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே, இரண்டு நாள் பயணம் வீணா என்று. வராதே என்று நான்தான் எழுதினேன். இருபது வருடமாக இந்த மாநிலத்தில் ஒரே கட்சிதான். முடிவு வெளியாகும் நாளில் யாரும் டி.வி.யைக்கூடப் போடுவதில்லை. ஆனால் நான் ஓட்டை விட்டதில்லை, எப்போதும் தோற்கிற பக்கம்தான் போட்டுவந்தேன். கடையில் கத்தரிக்கோல் ஓடும்போது என் வாயும் சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். சாக்கடையில் ஆரம்பித்து மந்திரி வரைக்கும் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டேன்.

ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள், சாவடிவாரியாக எவ்வளவு என்று கட்சிக்காரர்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி ஒட்டினார்கள். நம் சாவடியில் அவர்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப் பக்கத்துக்கு ஒன்று. போன தடவை ஒன்பது இருந்தது. அந்த ஒன்று யார் என்று தெருவில் யாரும் யோசிக்கக்கூட இல்லை. சலூன்காரரைத் தவிர வேறு யார்?

எலக்ட்ரீசியன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கணக்கு வாத்தியார், இருக்கும் நாலு முடியை வெட்ட வாரம் இரண்டு தடவை வருகிறார். ஆளுங்கட்சியின் வார்டு செயலாளரை நாங்கள் 'மைக்' என்போம், அவருக்கு அது தேவைப்படாது என்பதால். அவர் கடை வாசலில் வந்து நின்று, "ஏன்ணே, நாங்க உங்களுக்கு என்ன குறை வச்சோம்?" என்று கேட்டார். முகத்தில் நிஜமான வருத்தம். மூன்று வருடமாக நாறிக்கொண்டிருந்த கடை முன் சாக்கடையை அடுத்த வாரமே ஆள் வைத்துத் தூர்வாரிவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டு நடக்காத வேலை அது. அந்த ஒரு ஓட்டு அவரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது.

அந்த ஓட்டு என்னுடையது இல்லை, மகளே.

யாரும் மிரட்டவில்லை, எதுவும் கொடுக்கவில்லை. வரிசையில் நிற்கும்வரை வழக்கமான இடத்தில் போடுவதாகத்தான் இருந்தேன். உள்ளே போனதும், எப்படியும் அவர்கள்தானே வரப்போகிறார்கள், வாழ்க்கையில் ஒரு தடவையாவது நம் ஓட்டும் ஜெயிக்கட்டுமே என்று ஒரு அற்ப ஆசை. விரல் அங்கே போய்விட்டது. வெளியே வந்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நேராகப் போய்க் கடையைத் திறந்தேன்.

எலக்ட்ரீசியன் கையைக் குலுக்கியபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாராட்டு சுகமாகத்தான் இருந்தது. இப்போது கடையில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரையும் கண்ணாடியில் பார்க்கிறேன். நிஜமாகவே அந்த ஓட்டைப் போட்டவர் என்னிடமே தலையைக் கொடுத்துக்கொண்டு, மற்றவர்கள் என்னைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். முன்பு வாய் ஓயாமல் பேசியவன் இப்போது வேலையை மட்டும் பார்க்கிறேன். உன் அம்மாவிடமும் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "முப்பது வருஷமா நான் யாருக்குப் போட்டேன்னு நீங்க கேட்டதே இல்ல, இப்ப மட்டும் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

உன்னிடம் மறைக்க நினைத்தேன், அதுவும் உண்மை. மூன்று பக்கக் கடிதம் மறுபடி வராதே என்ற பயம். ஆனால் நீ முன்பு என்னைத் தப்பாக நினைக்கவில்லை, சரியாகத்தான் நினைத்தாய். நீ விரும்பிக் கூட்டிவந்த மாப்பிள்ளையை உன் பெரியப்பா கூடத்தில் உட்கார வைத்து அவ்வளவு பேசியபோது, நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறந்திருந்தாலும் அண்ணன் கேட்டிருக்க மாட்டார், எல்லாம் முன்பே முடிவானது என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முடிவு மாறியிருக்காதுதான். ஆனால் அன்று அந்தக் கூடத்தில் உங்கள் பக்கம் ஒருவராவது இருந்தார் என்று ஆகியிருக்கும். அது இல்லாமல் நீங்கள் இருவரும் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும்போது இதைச் சொல்லிவிடப் போகிறேன். மைக் சிரிப்பார், சிரிக்கட்டும். வாத்தியாருக்கு வாரம் இரண்டு தடவை முடி வளராது.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: அவர் நல்ல பிள்ளை, என் மகளுக்கு ஏற்றவர். இது இனி எந்தக் கணக்கிலும் சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இருவரும் நன்றாக இருங்கள். பதில் எழுது, பழையபடி இரண்டு வரி என்றாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா