தளபதி பஸ் ஏறினாள்

பீரோவைத் திறந்தால் ரப்பரும் பசையும் கலந்த நாற்றம் முகத்தில் அடிக்கிறது. பட்டுப் புடவைகளுக்கு நடுவில் நீ திணித்துவிட்டுப் போன தோள்கவசம்தான் காரணம். யோகா விரிப்பை வெட்டி, என் இஸ்திரிப் பெட்டியில் சூடு காட்டி வளைத்து, டப்பா டப்பாவாகப் பசை தடவி ஒட்டினாயே, அதேதான். இஸ்திரிப் பெட்டியின் அடியில் பிடித்த கறுப்பு இன்னும் போகவில்லை. "இன்னாம்மா, பீரோல செருப்புக் கடை வெச்சிகினு கீற?" என்று அத்தை இன்று காலையும் கேட்டார். "ரெண்டு நாள் உன் வீட்ல இருக்கட்டும்டி" என்றுதானே கொடுத்தாய்? ஆடி மாதம் காய்ச்சல் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள், கவசத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போயே போய்விட்டாய்.

நான் பாட்டுக்குக் கடையில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று ஆரணிக்குத் திரும்பி வந்த நீதான் இந்தப் பைத்தியத்தைக் கொண்டுவந்தாய். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, வசனம் யாரும் எழுதித் தருவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை சந்தவாசல் பக்கம் ஒரு மாந்தோப்பில் கூடி, இரண்டு நாள் ஒரு கற்பனை ராஜ்ஜியத்து மனிதர்களாகவே இருக்க வேண்டும். ரப்பர் வாளால் சண்டை. தலையில் வெள்ளைத் துணி கட்டியவர் மட்டும் ஆட்டத்துக்கு வெளியே. அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்துவிட வேண்டும். "நாப்பது வயசுல இன்னாடி விளையாட்டு?" என்று கேட்டதற்கு, "உனுக்குத் தைக்கத் தெரியும்ல? வா" என்றாய். அதுதான் உன் பதில்.

முதல் வருஷம் எனக்குப் பிச்சைக்காரி வேஷம். கிழிந்த துணியில் நீயே தைத்துக்கொள் என்றாய். பட்டு வியாபாரம் செய்கிற வீட்டில் கிழிந்த துணிக்கு நான் எங்கே போவேன்? நெசவில் இழை விட்டுப்போன அரக்குப் புடவை ஒன்று மூலையில் கிடந்தது. கிழித்து, டிகாஷனில் முக்கி, மண்ணில் புரட்டித் தைத்தேன். எனக்கு அது கந்தல்தான். தோப்பில் வெயில் பட்டதும் ஜரிகை பளபளவென்று எரிந்தது. சென்னையிலிருந்து வந்த பையன்கள் மண்டியிட்டு, "மகாராணி, தங்கள் உத்தரவு?" என்றார்கள். நான் திருவோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒருவனும் பிச்சை போடவில்லை. "பிச்சக்காரிக்கு எவடி ஜரிகை வெச்சா?" என்று நீ மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கத்தினாய். "கிழிசல் தானே கேட்ட? எங்க வீட்டுக் கிழிசல் இதான்" என்று நானும் கத்தினேன். அந்த இரண்டு நாளும் நீ என்னோடு பேசவில்லை. உடையில் ஒரு நூல் பொய் சொன்னாலும் உனக்குப் பொறுக்காது.

அதற்குப் பிறகு வந்ததுதான் உன் பஸ் பரீட்சை. எந்த உடை தைத்தாலும் அதைப் போட்டுக்கொண்டு ஆரணியிலிருந்து சந்தவாசலுக்கு டவுன் பஸ்ஸில் போய்வர வேண்டும். படி ஏறணும், உட்காரணும், இடுப்பிலிருந்து காசு எடுத்து டிக்கெட் வாங்கணும், ஓடிப்போய் இறங்கணும். "பஸ்ல நிக்காத கவசம் போர்ல நிக்குமாடி?" என்பாய். பஸ் ஸ்டாண்டில் நமக்குத் தெரியாத ஆள் உண்டா? கடைக்கு வருகிற நெசவாளர்கள் எல்லாரும் பார்க்க, மந்திரிக் குல்லாயோடு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அதிலும் நீ சொன்ன நேரத்துக்கு ஒருநாளாவது வந்திருக்கிறாயா? உன் துண்டைப் போட்டு இடம் பிடித்து, "ஆள் வருது, ஆள் வருது" என்று ஊராரோடு சண்டை போடுவது என் தலையெழுத்து. பஸ் கிளம்பிய பிறகு ஓடிவந்து தொற்றிக்கொண்டு, "இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?" என்பாய்.

ஆட்டத்தில் நீதான் தளபதி. இந்த வருஷத்துக்கான உன் தளபதிச் சட்டையை மட்டும் நீயே வெட்டினாய். இரண்டு பக்கமும் உள்ளே கொஞ்சம் துணி விடு, பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். "நான் இன்னா இனிமே வளரவா போறேன்?" என்று சிரித்தாய். ஒரு நூல் அகலம்கூட விடவில்லை. கடைசியில் தைத்து முடிக்காமலே அதையும் கவசத்தோடு என் பீரோவில் திணித்துவிட்டுப் போனாய்.

போன வாரம், ஆட்டத்தை நடத்துகிற வேலூர்த் தம்பி போன் பண்ணினான். தயங்கித் தயங்கித்தான் பேசினான். "அக்கா, இந்த வருசம் தளபதி போர்ல செத்துட்டதா அறிவிச்சிட்டு ஆரம்பிக்கலாம்னு பேசிகினு இருக்கோம். நீங்க இன்னா சொல்றீங்க?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "தளபதி எப்படா செத்தா? யாரு சொன்னது? அவ வருவா. அவ சட்டைய நான் போட்டுகினு வரேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். உன் சாவு வீட்டில்கூட நான் அப்படிக் கத்தவில்லை. உன்னை ஒருமுறை கொண்டுபோய் விட்டாயிற்று. இன்னொரு முறை என்னால் ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

வாயை விட்டுவிட்டேன். சட்டை என் இடுப்பில் பாதிகூடச் சேரவில்லை. சனிக்கிழமை ஆட்டம். நீ எடுத்த அந்தக் கருநீலத் துணி ஆரணி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே பிரித்தேன், திட்டிக்கொண்டே தைத்தேன். கடைசியில் பரணிலிருந்து பிச்சைக்காரிப் புடவையை இறக்கி, இரண்டு பக்கமும் ஒரு சாண் பட்டை வைத்து ஒட்டுப் போட்டேன். மூச்சு விட முடிகிறது. வலது பக்கம் நீ வைத்த பைக்குள் கைவிட்டால் உன் வெள்ளைத் துணி. மடித்தபடி இருந்தது.

நேற்று பஸ் பரீட்சை. தோள்கவசத்தோடு படி ஏறினேன், கம்பியில் இடித்தது, உடையவில்லை. உட்கார்ந்தேன். பழக்கத்தில் கை தானாகப் பைக்குள் போய் வெள்ளைத் துணியை எடுத்துப் பக்கத்து இடத்தில் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. கூட்டம் ஏறியது. பூக்கூடையோடு ஒரு அம்மா வந்து, "ஆள் வராங்களாம்மா?" என்று கேட்டார்.

"வருவா" என்றேன். "எப்பவும் லேட்டுதான்."

"ஜல்தி வரச் சொல்லுமா, வண்டி எடுத்துட்டான் பாரு" என்றார் அந்த அம்மா, நின்றபடியே.

பஸ் ஊரைத் தாண்டும்வரை நான் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துணியை எடுத்துக்கொண்டு, "உக்காருங்கமா" என்றேன். கண்ணைத் துடைக்கக் கை மடங்கியது. கவசம் தடுக்கவில்லை. பரீட்சையில் தேறிவிட்டாய்.

சனிக்கிழமை அந்தத் துணி என் பையில் இருக்கும். தலையில் கட்ட மாட்டேன். இன்னொன்று, நடக்கும்போது இரண்டு பக்கமும் ஜரிகை வெளியே தெரிகிறது. தளபதிக்கு எவடி ஜரிகை வெச்சா என்று கேட்பாய். நான்தான் வைத்தேன். கேட்பதென்றால் வந்து கேள்.