டச்சப் செய்யப்படாத என் முகம் குறித்து

அனுப்புநர்:
ஸ்டூடியோ அக்கா, வயது 61
(தெருவில் அழைக்கும் பெயர் இது, சட்டப்படியான பெயர் விண்ணப்பத்தில் உள்ளது.)

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
அடையாள அட்டை அலுவலகம்.

பொருள்: என் சொந்த முகத்தை மூன்று முறை திருப்பி அனுப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் புகைப்பட ஸ்டூடியோ நடத்தி வருகிறேன். ஊரார் முகச் சுருக்கங்களை அழித்து அழித்தே என் முகம் சுருங்கிவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன், காதோரம் சிறிதாகக் கீறி, தளர்ந்த தாடையை மேலே இழுத்துத் தைக்கும் சிகிச்சை செய்துகொண்டேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள்; மாலையே வீடு திரும்பினேன். இரண்டு வாரம் வீங்கிக் கிடந்த முகம் வடிந்த அன்று, கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன் ஐயா. யாருக்காகவும் செய்யவில்லை. ஆசையாக இருந்தது, செய்துகொண்டேன்.

2. அட்டையைப் புதுப்பிக்கப் படத்தைத் தபாலில் அனுப்பினேன். பழக்க தோஷத்தில் பின்புறம் ஸ்டூடியோ முத்திரையைக் குத்தித் தொலைத்தேன். மூன்றாம் கவுண்டர் எழுத்தர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, எனக்குப் பொண்ணு பாக்கக் குடுத்த படத்துல பருவெல்லாம் தொடச்சது நீங்கதானே? எங்கிட்டயேவா?" என்று, டச்சப் செய்த படம் எனத் திருப்பிவிட்டார். அவர் பருக்களைத் துடைத்தது உண்மைதான். நாற்பத்தொரு பருக்கள்.

3. இரண்டாவது படத்தைப் போட்டிக் கடையில் எடுத்து அனுப்பினேன். "ஒரே தொழில்காரங்க, ஒத்தாசை பண்ணியிருப்பாங்க" என்று அதுவும் திரும்பியது. மூன்றாம் முறை முகத்தையே கொண்டுபோய் நீட்டினேன். பழைய அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், "அட, நீங்க அக்காவோட தங்கச்சியா?" என்றார். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. "ரொம்ப நன்றி தம்பி" என்றேன். அதையே ஒப்புதலாகக் கொண்டு, 'விண்ணப்பதாரர் நேரில் வரவில்லை' என எழுதிவிட்டார்.

4. இம்மாதம் பதினெட்டாம் தேதி எனக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை எதிர்க்கடைத் தையற்காரர். இருவருக்கும் இது இரண்டாம் முறை. செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் பதிவாளர் ஏற்கமாட்டாராம். பன்னிரண்டு ஆண்டுகள் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பார்த்துக்கொண்டது போதும் ஐயா. கட்டுப் பிரித்த அன்று அவர் என் காதோரத்தை உற்றுப் பார்த்து, "பிசிரே இல்லாம தைச்சிருக்காங்க" என்றார். அடுத்தவர் தையலை அவர் பாராட்டி அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்றே சம்மதம் சொல்லிவிட்டேன்.

5. ஆகவே தாங்களே என்னை நேரில் அழைத்து, தழும்பையும் கைரேகையையும் மருத்துவர் சான்றையும் சரிபார்த்து, பதினெட்டாம் தேதிக்குள் அட்டை வழங்க வேண்டுகிறேன். வயதை உள்ளபடியே அச்சிடவும்; ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம். எழுத்தர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். நல்ல பிள்ளை, என்னைத் தங்கச்சி என்றவர்.

6. பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் புதுப்பிக்க வருவேன். தையற்காரர் என்னைச் சிரிக்க வைக்கிற வேகத்தைப் பார்த்தால், அதற்குள் புதுச் சுருக்கங்கள் நிறைய விழுந்திருக்கும். அவற்றை நானே வரைந்து சேர்த்ததாகச் சொல்லித் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தங்கள் அழைப்புக்காகத் தலைவாரிக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஸ்டூடியோ அக்கா

இடம்: ஸ்டூடியோ, தையற்கடைக்கு எதிரில்
நாள்: 3-ஆம் தேதி, திங்கட்கிழமை

இணைப்பு: காதோரத் தழும்பின் படம் ஒன்று. பின்புறம் முத்திரை இல்லை.